டிசிடி (ரெண்டு க்ளட்ச் வெச்ச ஆட்டோமேட்டிக்) கார்: ட்ரை க்ளட்ச்சா, வெட் க்ளட்ச்சா? எங்களுக்கு அபார்ட்மென்ட் ராம்ப்பும் இருக்கு, மலை ரோடும் இருக்கு

கோத்தகிரி கார்த்தி

எல்லாருக்கும் வணக்கம். மூணு வருஷமா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவை எழுதறேன், நீளமா போச்சுன்னா கோச்சுக்காதீங்க.

இப்ப இருக்கறது பதினொரு வருஷ பழைய பெட்ரோல் மேனுவல் ஹேட்ச்பேக். வீடு மேடவாக்கம், ஆபீஸ் சிறுசேரி. மெட்ரோ வேலை ஆரம்பிச்சதுல இருந்து ஓஎம்ஆர்ல இடது கால் போற பாடு உங்களுக்கே தெரியும், க்ளட்ச் ரெண்டு தடவை மாத்தியாச்சு, இப்ப முட்டியும் மாத்தணும் போல இருக்கு. வீட்டுல அம்மா அப்பா, மனைவி, ரெண்டு பசங்க. மாசத்துக்கு ஒரு தடவை சொந்த ஊர் கோத்தகிரிக்கு போவோம், ஃபுல் லோடு, டிக்கி நிறைய சாமான். சீசன் டைம்ல மேட்டுப்பாளையத்துல திருப்பி பர்லியார் குன்னூர் வழியா ஏறச் சொல்லிடுவாங்க, அப்ப கொண்டை ஊசி வளைவுல முன்னாடி பஸ்ஸு, பின்னாடி டெம்போ, நடுவுல நாங்கன்னு ஊர்ந்துட்டே போகணும்.

இன்னொரு விஷயம், அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் ரெண்டாவது லெவல்ல எங்க ஸ்லாட். ராம்ப் செங்குத்தா இருக்கும், ஒரு வண்டி போற அகலம்தான். பாதி இறங்கினப்புறம் கீழ இருந்து எவனாவது ஏறி வந்தான்னா நான் ரிவர்ஸ்லயே மேல வரைக்கும் ஏறணும். வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை இது நடக்கும்.

லிஸ்ட்ல கடைசியா நிக்கறது ரெண்டு. ஒரு பக்கம் வென்யூ இல்லாட்டி சோனெட் 1.0 டர்போ, 7 ஸ்பீடு டிசிடி, 120 பிஎஸ் 172 என்எம், ட்ரை க்ளட்ச். இன்னொரு பக்கம் நெக்ஸான் 1.2 டர்போ, அதுவும் 7 ஸ்பீடு, 120 பிஎஸ் 170 என்எம், ஆனா வெட் க்ளட்ச். பேப்பர்ல பாத்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கு. வித்தியாசம் என்னன்னு கேட்டா, இந்த கம்பெனி எதுவுமே இல்லாத வேற ஒரு ஷோரூம்ல ஒரு தம்பி "சார் வெட்னா மழைக்காலத்துக்கு சேஃப்" அப்படின்னாரு. நான் சிரிக்கல, அவர் முகம் அவ்வளவு சீரியஸா இருந்துச்சு.

மனைவியும் ஓட்டுவாங்க, இப்பதான் லைசென்ஸ் வாங்கியிருக்காங்க. வண்டிய எட்டு வருஷமாவது வெச்சிருப்பேன். ட்ரை டிசிடி சூடாகும்னு யூட்யூப்ல ஒரே பயமுறுத்தல். உண்மையிலயே பிரச்சனையா இல்ல வீடியோவுக்கு வியூஸ் வரணும்னு பேசறாங்களா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

---

பழைய ஸ்பேனர்

வாங்க கார்த்தி. நான் பதினாலு வருஷமா கியர்பாக்ஸ் வேலை பாக்கறவன், அம்பத்தூர் பக்கம் மல்டி பிராண்ட் கராஜ். உங்க ராம்ப் கதைய படிச்சதுமே எனக்கு பில் புக் ஞாபகம் வந்துடுச்சு.

முதல்ல அடிப்படை. டிசிடின்னா ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு மேனுவல் கியர்பாக்ஸ்ன்னு வெச்சுக்கங்க. 1, 3, 5, 7 ஒரு ஷாஃப்ட், 2, 4, 6 இன்னொரு ஷாஃப்ட், ஒண்ணு குழாய் மாதிரி, இன்னொண்ணு அதுக்குள்ள நுழைஞ்சு போகும். ஆளுக்கு ஒரு க்ளட்ச். நீங்க ரெண்டாவதுல போயிட்டு இருக்கும்போதே கம்ப்யூட்டர் மூணாவத போட்டு ரெடியா வெச்சிருக்கும், ஒரு க்ளட்ச் விடும்போது அடுத்தது பிடிக்கும், அவ்வளவுதான் மேஜிக். இது வெட், ட்ரை ரெண்டுக்கும் பொது. பல்சக்கரத்துல வித்தியாசம் கிடையாது, வித்தியாசமெல்லாம் க்ளட்ச் தட்டு எங்க உக்காந்திருக்கு, சூடு எங்க போகுதுங்கறதுலதான்.

ட்ரைன்னா உங்க பழைய மேனுவல் வண்டியில இருக்கற அதே மாதிரி தட்டு, காத்துல சுத்தும், சூட்ட, தட்ட அழுத்திப் பிடிக்கற அந்த வார்ப்பிரும்பு பிரஷர் பிளேட்தான் வாங்கி வெச்சுக்கணும், அப்புறம் மெதுவா காத்துல விடணும். வெட்னா அடுக்கடுக்கா சின்னச் சின்ன தட்டு, எண்ணெய் மேல பாய்ஞ்சுட்டே இருக்கும், அந்த எண்ணெய் சூட்ட எடுத்துட்டு போய் கூலர்ல கொட்டும். உங்களுக்கு புரியற மாதிரி சொல்லணும்னா ஸ்பிளெண்டர்ல இருக்கறது வெட் க்ளட்ச். நம்ம ஆளுங்க பாரிமுனையில நாள் பூரா அரை க்ளட்ச்சுல அத உருட்டறாங்க, தட்டு கருகற நாத்தம் வருதா? வராது. அதே அரை க்ளட்ச்ச கார்ல பத்து நிமிஷம் பண்ணிப் பாருங்க, ஏரியாவே மணக்கும்.

இப்ப ஒரு கணக்கு போடறேன், எல்லாரும் டார்க் டார்க்னு (அந்த என்எம்ல சொல்ற இழுவை) பேசறாங்க, யாரும் இத போடறதில்ல. ஆள் சாமானோட வண்டி 1500 கிலோன்னு வைங்க. சமதரையில நின்னு கிளம்பி மணிக்கு 10 கிலோமீட்டர் வர்றதுக்குள்ள க்ளட்ச் முழுசா பிடிச்சிடும், அதுக்குள்ள தட்டுல விழற சூடு ஏறக்குறைய 6 கிலோஜூல். ஒண்ணும் இல்ல அது. இப்ப அதே வண்டி 15 சதவீத ஏத்தத்துல நிக்குது, நீங்க பிரேக்க விட்டுட்டு ஆக்ஸிலேட்டர லேசா மிதிச்சு பின்னாடி உருளாம பிடிச்சு நிறுத்தறீங்க, எஞ்சின் 1000 ஆர்பிஎம்ல சுத்துது, சக்கரம் சுத்தல. அந்த சக்தி மொத்தமும் எங்க போகும்? க்ளட்ச்சுக்குத்தான். கணக்கு போட்டா நாலரை கிலோவாட் வருது. நாலு இஸ்திரி பெட்டிய ஃபுல்லா வெச்சு கியர்பாக்ஸ் உள்ள வெச்ச மாதிரி. ஒரு நிமிஷம் அப்படி நின்னீங்கன்னா சமதரையில நாப்பத்தஞ்சு தடவை கிளம்பின சூடு. ஒரே நிமிஷத்துல!

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கங்க. முதல் கியர்ல ஆக்ஸிலேட்டர் மிதிக்காம எஞ்சின் ஐடில்ல சுத்தினா வண்டி மணிக்கு சுமார் 6 கிலோமீட்டர் போகும். அதுக்கு கீழ போகணும்னா க்ளட்ச் முழுசா மூடவே முடியாது, மூடினா எஞ்சின் ஆஃப் ஆகிடும். அப்ப 6 கிலோமீட்டருக்கு கீழ ஊர்ற ஒவ்வொரு நொடியும் தட்டு வழுக்கிட்டுத்தான் இருக்கு. ரிவர்ஸ் கியரும் கிட்டத்தட்ட அதே ரேஷியோதான். ராம்ப்ல ரிவர்ஸ்ல, கண்ணாடிய பாத்துக்கிட்டு, தூண் இடிக்குமோன்னு பயந்துட்டு 3 கிலோமீட்டர்ல ஏறுறீங்களே, அந்த ஒரு நிமிஷம்தான் உங்க கேள்விக்கே மையம், ஓஎம்ஆர் இல்ல.

வெட்டுன்னா டார்க் ஜாஸ்தி இருக்கற வண்டிக்குத்தான்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது பாதிதான் சரி. 2022ல ஆல்ட்ரோஸ்ல 86 பிஎஸ், 113 என்எம் எஞ்சினுக்கே வெட் டிசிடி வெச்சாங்க. 113க்கு எதுக்குங்க எண்ணெயில ஊறின க்ளட்ச்? டார்க்குக்கு இல்ல, நம்ம ஊர் டிராஃபிக் சூட்டுக்கு. அந்தப் பக்கம் ஃபோக்ஸ்வேகனோட டிக்யூ200ங்கற டிசிடி பெட்டி ட்ரை, அதோட லிமிட்டே 250 என்எம், இங்க டைகுன், விர்ட்டஸ், குஷாக், ஸ்லாவியா 1.5 எல்லாத்துலயும் எஞ்சின் குடுக்கறதும் சரியா 250. ஹைவேல அது தங்கமா ஓடும், நான் ஓட்டியிருக்கேன், ஷிஃப்ட் வெண்ணெய் மாதிரி.

ஆக, மாசம் எத்தன கிலோமீட்டர் ஓட்டறீங்கன்னு பாக்காதீங்க, எத்தன நிமிஷம் வழுக்கறீங்கன்னு பாருங்க. உங்க கேஸுல நான் வெட் பக்கம்.

---

ஈரோடு ஷர்மி

ஸ்பேனர் அண்ணா கணக்கெல்லாம் சரிங்க, ஆனா ட்ரை வெச்சிருக்கறவங்கள இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். என்கிட்ட நாலு வருஷமா ட்ரை டிசிடி இருக்குதுங்க, 58 ஆயிரம் ஓடியாச்சு, என்ன வண்டின்னு சொல்லல, சொன்னா சண்டைக்கு வருவாங்க. க்ளட்ச் இன்னும் கம்பெனியில வந்ததேதான்.

ஒரு தடவை மாட்டினேன், அத மறைக்க மாட்டேன். மே மாசம் ஏற்காடு, மலர் கண்காட்சி சமயம். இருபது கொண்டை ஊசியில பன்னெண்டாவது தாண்டி மொத்தமா நின்னு போச்சு. எங்க வீட்டுக்காரர்தான் ஓட்டினாரு, மேனுவல்ல பதினஞ்சு வருஷம் ஓட்டின கையி, பிரேக் மேல நம்பிக்கை இல்லாம ஆக்ஸிலேட்டர்லயே பிடிச்சு பிடிச்சு நிறுத்தினாரு, மேனுவல் காரங்க எல்லாரும் அப்படித்தான பண்ணுவோம். மீட்டர்ல கியர்பாக்ஸ் சூடு காட்டற பட்டை ஒண்ணு இருக்குதுங்க, அதுவரைக்கும் அப்படி ஒண்ணு இருக்கறதே எங்களுக்குத் தெரியாது. அது மளமளன்னு ஏறி, வண்டி திக்கு திக்குன்னு உதறி, அப்புறம் வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லி எழுத்து வந்துச்சு. பின்னாடி ஹாரன், பாப்பா அழுகை, மாமியார் "நான் அப்பவே பஸ்ஸுல போலாம்னேன்"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க.

அன்னைக்கு நாங்க பண்ணுன தப்பு எஞ்சின ஆஃப் பண்ணுனது. மேனுவல் புக்குல என்ன போட்டிருக்குதுன்னா, பார்க்கிங் பி-யில போட்டு எஞ்சின் ஓடவே விடணும், மெசேஜ் போறவரைக்கும் காத்திருக்கணும். அரை மணி நேரம் நின்னோம், அப்புறம் ஒண்ணும் ஆகல.

அதுக்கப்புறம் நான் கத்துக்கிட்டது ரொம்ப சின்ன விஷயங்க. பிரேக்க முழுசா அழுத்தினா க்ளட்ச் விட்டுடும், சும்மா இருக்கும், அப்ப சூடே இல்ல. பிரேக்க பாதி விட்டு ஊர விடறோம் பாருங்க, அதுதான் விஷம். ஆட்டோ ஹோல்டு (நின்னதும் வண்டியே பிரேக்க பிடிச்சுக்கற வசதி) இருந்தா எப்பவும் ஆன்ல வைங்க. முன்னாடி வண்டி நகர்ந்த உடனே நாமளும் ஒட்டிக்கிட்டே போகாம, ரெண்டு வண்டி இடம் விழுந்தப்புறம் ஒரே மூச்சுல போய் நிக்கணும். நடுவுல ஒரு ஆட்டோக்காரர் நுழைவாரு, நுழையட்டும், அவருக்கு நல்லா இருக்கட்டும். இப்படி ஓட்டி அடுத்த வருஷம் அதே ஏற்காடு, அதே கூட்டம், பட்டை பாதிய தாண்டல.

அதனால வண்டிய மட்டும் குத்தம் சொல்ல முடியாதுங்க. ஆனா கார்த்தி அண்ணா, உங்க வீட்டுல ரெண்டு பேர் ஓட்டப் போறீங்க, ரெண்டு பேருக்கும் இந்தப் பழக்கம் வரணும், அத மட்டும் யோசிச்சுக்கங்க.

---

திண்டுக்கல் ராவுத்தர்

எதுக்கு இவ்வளவு தலைவலி. டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் எடுங்க, ராம்ப்ல என்ன வேணா பண்ணுங்க. உள்ள எண்ணெய்தான் எண்ணெய தள்ளுது, ஊர்ற வேகத்துல உரசறதுக்கு தட்டே இல்ல. 3எக்ஸ்ஓ இருக்கு, ப்ரெஸ்ஸா இருக்கு, டைகுன் 1.0 இருக்கு. பிரியாணி நல்லா இருக்கற கடை பக்கத்துலயே இருக்கும்போது எதுக்கு ஃப்ரைடு ரைஸ்ல வெங்காயத்தாள் பச்சையா காஞ்சதான்னு ஆராய்ச்சி.

---

கிள்ளான் முரளி

வணக்கம் நண்பர்களே, மலேசியாவுல இருந்து எழுதறேன். நம்ம ஊர் அனுபவம் உங்களுக்கு உதவுமான்னு தெரியல, ஆனா இங்கயும் வெயிலு, ஜாம், மலை மூணும் உண்டு, அதனால சொல்றேன்.

பத்து வருஷத்துக்கு முன்ன ஒரு ஐரோப்பா காடி வாங்கினேன், ட்ரை க்ளட்ச், பேரு வேண்டாம். ஃபெடரல் ஹைவேல தினமும் ஜாம்ல ஊர்ந்து போவேன், மூணாவது வருஷம் ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு மாறும்போது உதறல் ஆரம்பிச்சது, அப்புறம் ஒரு நாள் டோல்லயே கியர் விழாம நின்னுடுச்சு. வர்க்‌ஷாப் போனா மெக்கட்ரானிக் போச்சுன்னு சொன்னாங்க, அதாவது வால்வு, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்த பாகம். பில்ல பாத்து சம்சாரம் ஒரு வாரம் பேசல லா.

இப்ப ப்ரோட்டான் எக்ஸ்50. அதுல 7 ஸ்பீடு வெட். எக்ஸ்70 கூட 2018ல முழு இறக்குமதியா வந்தப்ப 6 ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டர், 2020ல இங்கயே பூட்ட ஆரம்பிச்சப்ப 7 ஸ்பீடு வெட் டிசிடிக்கு மாத்திட்டாங்க. கெந்திங் மலைக்கு அஞ்சு பேரோட ஏறியிருக்கேன், சீனப்பெருநாள் ஜாம்ல, சூடு வார்னிங் ஒண்ணும் வரல. ஆனா உண்மைய சொல்லணும், மெதுவா ஊரும்போது டார்க் கன்வெர்ட்டர் மாதிரி வழவழன்னு இருக்காது. பார்க்கிங்ல லேசா ஒரு தயக்கம், அப்புறம் ஒரு சின்ன தள்ளு. வெட்டா இருந்தாலும் அது க்ளட்ச்தானே. அதே மாதிரி எண்ணெய்ச் செலவு உண்டு, சர்வீஸ் பில்லுல அந்த ஒரு தடவை மட்டும் கொஞ்சம் வலிக்கும்.

---

மதுரை பைக் பையன்

அப்ப வெட் எடுத்தா ஆயுசுக்கும் பிரச்சனையே இல்ல, ட்ரை எல்லாம் குப்பை, இதான முடிவு? ஃபோர்டு பவர்ஷிஃப்ட் ஒண்ணு போதாதா உதாரணத்துக்கு.

---

பழைய ஸ்பேனர்

தம்பி, அப்படி முடிவு கட்டாதீங்க. பவர்ஷிஃப்ட்னு ஒரே பேர்ல ஃபோர்டு ரெண்டு பெட்டி வித்தாங்க, ஒண்ணு வெட், ஒண்ணு ட்ரை. நாறினது ட்ரை, ஃபியஸ்டாவுலயும் ஃபோகஸ்லயும் போனது. அதுலயும் பாருங்க, தட்டு காய்ஞ்சு இருக்கறது மட்டும் தப்பில்ல, இன்புட் ஷாஃப்ட் சீல் கசிஞ்சு காய்ஞ்சு இருக்க வேண்டிய தட்டு மேல எண்ணெய் பட்டுச்சு, அப்புறம் உதறாம என்ன பண்ணும். ஆஸ்திரேலியாவுல புகார் சொன்ன கஸ்டமர்கள நடத்தின விதத்துக்காக 2018ல கோர்ட்டு ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டுச்சு. பெட்டிக்கு இல்ல, "நீங்க ஓட்டற ஸ்டைல்தான் சார் தப்பு"ன்னு கஸ்டமர் மேல பழிய போட்டதுக்கு. இந்த டயலாக்க நான் இங்கயும் நிறைய கேட்டிருக்கேன். நம்ம ஊர் எக்கோஸ்போர்ட்லயும் அந்த ட்ரை பெட்டிதான் இருந்துச்சு, 2017 மாடல்ல எடுத்துட்டு டார்க் கன்வெர்ட்டர் வெச்சாங்க.

டிக்யூ200 கதையும் அப்படித்தான். 2013 மார்ச்சுல சீனாவுல 3.84 லட்சம் வண்டிய திரும்ப கூப்பிட்டாங்க. அதே வருஷம் நவம்பர்ல உலகம் பூரா 16 லட்சம் வண்டிக்கு கியர்பாக்ஸ் எண்ணெய் மாத்தினாங்க, சிந்தெடிக்க எடுத்துட்டு மினரல். ஏன்னா சூடும் ஈரப்பதமும் இருக்கற ஊர்கள்ல அந்த எண்ணெய் எலக்ட்ரானிக்ஸ்ல ஷார்ட் ஆக்கிச்சு. கவனிங்க, க்ளட்ச் ட்ரையா இருந்தாலும் பல்சக்கரத்துக்கும் மெக்கட்ரானிக்குக்கும் எண்ணெய் உண்டு. முரளி சார் வண்டி டோல்ல நின்னதும் க்ளட்ச்சால இல்ல, மெக்கட்ரானிக்காலதான். ட்ரை வெட்னு நாம இங்க அடிச்சிக்கறோம், கராஜுக்கு வர்ற பெரிய பில்லுல பாதி இந்த வால்வு பெட்டிதான், அது ரெண்டுலயும் இருக்கு.

வெட்டுக்கு எதிரி வேற. தட்டு தேய்ஞ்ச பொடி எண்ணெயிலதான் கலக்கும். எண்ணெய் மாத்தாம விட்டா அந்தப் பொடி வால்வுக்குள்ள போய் உக்காரும். ஃபோக்ஸ்வேகனோட பழைய வெட் பெட்டி டிக்யூ250, 2003ல வந்தது, அதுக்கு 60 ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை எண்ணெயும் ஃபில்டரும் மாத்தியே ஆகணும். செகண்ட் ஹாண்ட்ல வாங்கிட்டு வர்றவங்ககிட்ட "எண்ணெய் மாத்தின பில் இருக்கா"ன்னு கேப்பேன், பத்துல எட்டு பேர் முழிப்பாங்க. அதுவும் கண்ட எண்ணெய ஊத்தக்கூடாது. பைக்ல கார் எஞ்சின் ஆயில் ஊத்தி க்ளட்ச் வழுக்கினவங்க இங்க எத்தன பேர் இருக்கீங்க, மதுரை தம்பி கைய தூக்குங்க. அதே தப்புதான், என்ன, இங்க பில்லுல ரெண்டு சைபர் ஜாஸ்தி.

மைலேஜ் யாரும் கேக்கல, நானே சொல்லிடறேன். எண்ணெய்க்குள்ள தட்டு சுத்தறதுக்கும் பம்ப் ஓடறதுக்கும் கொஞ்சம் சக்தி போகும், அதனாலதான் ஐரோப்பாக்காரன் சின்ன எஞ்சினுக்கு ட்ரைய கண்டுபிடிச்சான், ஊர்ல குளிரு, ரோடு காலி, அவனுக்கு லாபம். நம்ம சிட்டி டிராஃபிக்ல அந்த வித்தியாசத்த ஏசியே தின்னுடும்.

ராவுத்தர் பாய் சொன்னதையும் தள்ள மாட்டேன். ராம்ப்புக்கு டார்க் கன்வெர்ட்டர் மாதிரி பொறுமைசாலி எதுவும் கிடையாது. அந்த வெங்காயத்தாள் விஷயம் மட்டும் எனக்கு புரியல.

---

கோத்தகிரி கார்த்தி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல.

சனிக்கிழமை ஒரு வேலை பண்ணேன். டெஸ்ட் டிரைவ்னா ஷோரூம் பக்கத்துல ஒரு ரவுண்டு அடிச்சு கூட்டிட்டு வந்துடறாங்க, அதுல ஒண்ணும் தெரியாது. நான் கெஞ்சி கூத்தாடி ரெண்டு வண்டியையும் எங்க அபார்ட்மென்ட்டுக்கே வரவழைச்சேன். கூட வந்த பையனுங்க ராம்ப்ப பாத்ததும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

ட்ரை வண்டி முதல்ல. இறங்கி, பாதியில நிறுத்தி, ரிவர்ஸ் போட்டு ஏறினேன், நான் எப்பவும் ஏறுற அதே ஊர்ற வேகத்துல. ரெண்டு தடவை ஒண்ணும் தெரியல. மூணாவது நாலாவது தடவை லேசா ஒரு நடுக்கம், ஷர்மி அக்கா சொன்ன பட்டை மெனுவுக்குள்ள தேடி கண்டுபிடிச்சேன், நல்லாவே ஏறியிருந்துச்சு. வார்னிங் எல்லாம் வரல, அத நேர்மையா சொல்லணும். கொஞ்சம் வேகமா, ஒரே மூச்சுல ஏறினா நடுக்கமே இல்ல. ஆனா அந்த வேகத்துல ரிவர்ஸ் போக எனக்கே தூண பாத்தா பயமா இருக்கு, மனைவி வாய்ப்பே இல்லன்னுட்டாங்க.

வெட் வண்டி ஆறு தடவை ஏறுச்சு. நடுக்கம் இல்ல. முரளி சார் சொன்ன அந்த தயக்கமும் தள்ளும் இருக்கு, ஸ்லாட்டுக்குள்ள நுழைக்கும்போது ஒரு தடவை நெஞ்சு பக்குனு ஆச்சு. அப்பா பின் சீட்டுல உக்காந்துட்டு "இது என்னப்பா எருமை கயிறு இழுக்கற மாதிரி இருக்கு"ன்னாரு. ஹைவேல எனக்கு பிடிச்சது ட்ரை வண்டிதான், அந்த ஷிஃப்ட் வேகமும் அமைதியும் தனி. ஆனா வாரத்துக்கு அஞ்சு நாள் நான் இருக்கப்போறது ஹைவேல இல்லையே.

டார்க் கன்வெர்ட்டர் வண்டியும் ரெண்டு பாத்தோம் பாய். ஒண்ணுல பின் சீட்டு அம்மாவுக்கு பத்தல, இன்னொண்ணு வேணுங்கற வேரியன்ட் பட்ஜெட் தாண்டுது. இல்லன்னா அதுதான்.

அதனால வெட். புக் பண்ணிட்டேன், அஞ்சு வாரம் வெயிட்டிங்.

ஸ்பேனர் அண்ணே ஒரே ஒரு கேள்வி. சர்வீஸ் அட்டவணையில கியர்பாக்ஸ் எண்ணெய் பத்தி போட்டிருக்கறதுக்கு முன்னாடியே மாத்தணுமா? என் ஓட்டம் முழுக்க சிட்டி, அப்புறம் மலை.

---

பழைய ஸ்பேனர்

வாழ்த்துக்கள். அட்டவணையில சாதா யூஸுக்கு ஒரு கணக்கும், கடுமையான யூஸுக்கு வேற கணக்கும் போட்டிருக்காங்களான்னு பாருங்க. போட்டிருந்தா உங்களுது ரெண்டாவதுதான், யோசிக்கவே வேண்டாம், தினமும் ஊர்ற டிராஃபிக், ஃபுல் லோடு, மலை, மூணும் இருக்கு. வாரன்டி இருக்கற வரைக்கும் வெளிய எங்கயும் திறக்க விடாதீங்க, என் கராஜ் உட்பட. கம்பெனி எண்ணெய், கம்பெனி பில், ஃபைல்ல போட்டு வைங்க, விக்கும்போது அந்த பேப்பருக்கு மதிப்பு இருக்கு.

வெட்னு தைரியத்துல ஏத்தத்துல ஆக்ஸிலேட்டர்ல பிடிச்சு நிறுத்தற வேலை மட்டும் வேண்டாம். இஸ்திரி பெட்டி அங்கயும் நாலுதான், பக்கத்துல ஒரு ஃபேன் இருக்கு, அவ்வளவுதான்.

இன்னொண்ணு கேக்கணும்னு நினைச்சேன். அந்த ராம்ப் மேல ஒரு குவி கண்ணாடி, கீழ ஒண்ணு மாட்டினா எதிர்ல வண்டி வருதான்னு முன்னாடியே தெரிஞ்சிடுமே, ரிவர்ஸே எடுக்க வேண்டி வராதே. ரெண்டு கண்ணாடி சில ஆயிரத்துல முடிஞ்சிடும்.

---

ஈரோடு ஷர்மி

அண்ணா இத முதல் பதில்லயே சொல்லியிருந்தா அவரு ட்ரையே எடுத்திருப்பாரு 😀

---

கோத்தகிரி கார்த்தி

கண்ணாடி விஷயம் நேத்து அசோசியேஷன் வாட்ஸப் குரூப்புல போட்டேன். மூணு கடையில கொட்டேஷன் வாங்கிட்டு வாங்க, அடுத்த பொதுக்குழுவுல பேசலாம்னு ட்ரெஷரர் சொல்லிட்டாரு. பொதுக்குழு வருஷத்துக்கு ஒரு தடவை. போன மாசம்தான் நடந்துச்சு.